மாடல் கிட் டயரில் பெயிண்ட் பிடிக்க வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெட்டியில் பாகங்களாக வரும் கிட்டை வாங்கி மாடல் கார், பைக், லாரி கட்டுகிறவர்கள் நான்கு பேர் கூடினால் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் டயரில் வந்து நிற்கும். வண்டியின் உடல் கண்ணாடி போல வந்திருக்கும். டயர் மட்டும் கையில் ஒட்டும், இல்லையென்றால் செதில் செதிலாக உரியும். என்னிடம் வந்து சேர்ந்த சந்தேகங்களைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன. ஓரிடத்தில் சொன்னதை மறுபடி சொல்லவில்லை என்பதால் மேலிருந்து படித்து வருவது நல்லது.

டயர் கருப்பாகத்தானே வருகிறது? அதற்கு எதற்குப் பெயிண்ட்?

பாதி நேரம் தேவையில்லை என்பதுதான் என் பதில். கிட் டயரின் குறை அதன் நிறத்தில் குறைவு, மினுமினுப்பில் அதிகம். அச்சிலிருந்து வந்த வழவழப்பான பளபளப்பும் நடுவில் ஓடும் அச்சுக் கோடும்தான் அதைப் பொம்மை டயராகக் காட்டுகின்றன. இரண்டையும் உப்புத்தாளால் தேய்த்து நீக்கிவிட்டால், புது வண்டிக்கு அதுவே போதும்.

பெயிண்ட் தேவைப்படும் இடங்கள் வேறு: பக்கவாட்டு எழுத்துகள், வெள்ளைப் பட்டை, வெயிலில் வெளுத்த பழைய டயர், சேறு படிந்த லாரி டயர், அல்லது கிட்டில் வந்த டயர் கருப்பாக இல்லாமல் நீலமும் பச்சையும் கலந்த ஒரு விநோத நிறத்தில் இருப்பது. முழு டயருக்கும் பெயிண்ட் அடிக்கும் முன், அது உண்மையிலேயே வேண்டுமா என்று ஒரு முறை யோசியுங்கள். அடிக்காத பெயிண்ட் உரியாது.

என் கிட்டில் இருப்பது ரப்பர்தானா? தொட்டால் ரப்பர் மாதிரிதான் இருக்கிறது.

பெரும்பாலும் இல்லை. கிட்டுகளில் வரும் மெத்தென்ற டயர்களில் மிகுதியும் மென்மையாக்கப்பட்ட பிவிசி, அதாவது நாம் வினைல் என்று சொல்வது. சில நிறுவனங்கள் செயற்கை ரப்பரும், ரப்பர் போல வளையும் பிளாஸ்டிக்கான எலாஸ்டோமரும் பயன்படுத்துகின்றன. இன்னும் சில கிட்டுகளில், குறிப்பாக ராணுவ வண்டிகளில், டயர் இரண்டு பாதிகளாகக் கெட்டிப் பிளாஸ்டிக்கிலேயே வரும். அது சாதாரண பாலிஸ்டைரீன். மற்ற பாகங்களுக்கு அடிக்கிற எதை வேண்டுமானாலும் அதற்கும் அடிக்கலாம். இந்தப் பக்கமே அதற்குத் தேவையில்லை.

பாகங்கள் இணைந்து வரும் சட்டத்திலோ உறையிலோ கூர்முனை அடைப்புகளுக்குள் பிவிசி, டிபிஇ (எலாஸ்டோமர்), பிஎஸ் (பாலிஸ்டைரீன்) என்று பொருளின் சுருக்கப் பெயர் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். கட்டும் முறை விளக்கத்தாளிலும் சில நேரம் இருக்கும். ஒரு துண்டைத் தீயில் காட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கச் சொல்கிறவர்கள் உண்டு. வேண்டாம். பிவிசி எரிந்தால் வரும் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கும். ஒரு பொம்மை டயருக்காக அதைச் சுவாசிக்க வேண்டியதில்லை. தெரியவில்லை என்றால் வினைல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வினைலுக்குச் செய்யும் முன்னெச்சரிக்கை மற்றவற்றுக்குக் கெடுதல் செய்யாது.

காரின் உடலில் அருமையாகப் பிடித்த அதே பெயிண்ட்தான். டயரில் மட்டும் ஏன் பிடிக்கவில்லை?

காரணங்கள் மூன்று. முதலாவது மேற்பரப்பில் இருக்கிறது: அச்சிலிருந்து பாகம் எளிதாகக் கழன்று வருவதற்காகத் தடவும் வழுக்குப் பொருளின் மிச்சம். இது கழுவினால் போய்விடும்.

இரண்டாவது டயருக்குள்ளேயே இருக்கிறது. இதுதான் பெரிய வில்லங்கம். பிவிசி இயல்பில் கெட்டியானது, தண்ணீர்க் குழாய் செய்வதும் அதில்தான். அதை மெத்தென்று ஆக்குவதற்காகப் பிளாஸ்டிசைசர் என்னும் எண்ணெய் போன்ற திரவத்தைக் கலக்கிறார்கள். மென்மையான வினைலில் அதன் அளவு எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்கலாம். அது பிளாஸ்டிக்கோடு வேதியியல் முறையில் பிணைந்திருப்பதில்லை; இடுக்குகளில் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அதனால் வருடக் கணக்கில் மெல்ல மெல்ல வெளியே கசிந்துகொண்டே இருக்கும். நீங்கள் மேலே அடித்த பெயிண்டுக்குள் அது கீழிருந்து ஏறுகிறது.

மூன்றாவது, டயர் வளைகிறது, பெயிண்ட் வளைவதில்லை. ரிம்மில் மாட்ட இழுக்கும்போது டயர் விரிந்து கொடுக்கும். காய்ந்து இறுகிய பூச்சு வெடிக்கும். இந்த மூன்றில் எது உங்கள் டயரைக் கெடுத்தது என்று தெரிந்துவிட்டால் மருந்து தானே தெரியும். உரிந்த பூச்சின் அடிப்பக்கம் வழவழவென்று இருந்தால் முதலாவது. பூச்சு உரியாமல் பிசுபிசுத்தால் இரண்டாவது. மாட்டிய பிறகு மயிரிழைக் கீறல்கள் தெரிந்தால் மூன்றாவது.

எனாமல் அடித்துப் பல நாட்கள் ஆகிவிட்டன. இன்னும் விரல் ஒட்டுகிறது. எப்போதுதான் காயும்?

காயாது. காத்திருக்க வேண்டாம்.

எனாமல் பெயிண்ட் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து மெதுவாக இறுகும் வகை. அது இறுகிக்கொண்டிருக்கும்போதே மேலே சொன்ன பிளாஸ்டிசைசர் அதற்குள் புகுந்து, வினைலை மென்மையாக்கிய அதே வேலையைப் பெயிண்டிலும் செய்துவிடுகிறது. சில டயர்களில் முதலில் காய்ந்தது போலத் தோன்றிச் சில மாதங்கள் கழித்துப் பிசுபிசுப்பு திரும்பும். அலமாரித் தூசியெல்லாம் அதில் ஒட்டிக்கொண்ட பிறகுதான் நமக்கே தெரியவரும். மேலே வார்னிஷ் அடித்து மூடிவிடலாமா என்று அடுத்து கேட்பார்கள். கசிவு கீழிருந்து வருவதால் வார்னிஷும் சேர்ந்து மென்மையாகும். எடுத்துவிட்டு மறுபடி தொடங்குவதே வழி. எடுக்கும் முறை பின்னால் வருகிறது.

அப்படியானால் எந்தப் பெயிண்ட் வாங்க வேண்டும்?

அக்ரிலிக். அதிலும் காய்ந்த பிறகு சற்று வளைந்து கொடுக்கும் வகை. வலேஹோ போன்ற நிறுவனங்களின் நீரில் கரையும் அக்ரிலிக்குகள் வளைந்து கொடுப்பதில் நல்லவை. ஆனால் முழுமையாக இறுகும் வரை நகம் பட்டால் கீறல் விழும். டமியா நிறுவனத்தின் அக்ரிலிக் ஆல்கஹால் சார்ந்தது. மேற்பரப்பைக் கொஞ்சம் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். மெல்லிய பூச்சாக அடித்தால் எழுத்துக்கும் வெளுத்த நிறத்துக்கும் தாராளமாகப் போதும்.

பலரும் யோசிக்காத ஒன்று, காலணிக்கும் தோல் பைக்கும் அடிக்கும் அக்ரிலிக் தோல் பெயிண்ட். ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் மடங்குகிற பொருளுக்காகவே செய்யப்பட்டது அது. டயரின் வளைவெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. கார் இருக்கைக்கு அடிக்கும் வினைல் ஸ்பிரேயும் வினைலுக்கென்றே பிறந்தது. அதன் கரைப்பான் காரமானது என்பதால் டயரின் உட்பக்கத்தில் முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். கருவிகளின் கைப்பிடியில் பூசும் ரப்பர் பூச்சை மட்டும் தொடாதீர்கள். ஒட்டத்தான் செய்யும், ஆனால் டயரின் பள்ளங்களையெல்லாம் நிரப்பிவிடும்.

காரமான கரைப்பானில் வேகமாகக் காயும் லாக்கரைப் பொறுத்தவரை, மிக மெல்லிய தூறலாக அடித்து வெற்றி கண்டவர்கள் இருக்கிறார்கள். கெட்டியாக அடித்தால் பூச்சு விறைத்து வெடிக்கும். அக்ரிலிக் கையில் இருக்கும்போது அந்தச் சூதாட்டம் எதற்கு?

சோப்புப் போட்டுக் கழுவினால் போதுமா?

முதலாவது காரணத்துக்குப் போதும். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, பழைய டூத் பிரஷ். பள்ளங்களுக்குள்ளும் உள்விளிம்பிலும் தேய்க்க வேண்டும். கழுவிக் காய்ந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் ஒரு முறை துடையுங்கள். துடைப்பது மட்டும்தான், அதில் ஊற வைக்கக் கூடாது. அதன் பிறகு வெறும் விரலால் தொடாதீர்கள். கையுறை இல்லையென்றால் டயருக்குள் ஒரு குச்சியைச் செருகிப் பிடித்துக்கொள்ளலாம்.

பழைய கிட்டுகளில் டயர் மேல் வெள்ளையாக ஒரு படலம் பூத்திருக்கும். பூஞ்சை என்று பயப்படுகிறார்கள். அநேகமாக உள்ளிருந்து வெளியேறிய மெழுகோ பிளாஸ்டிசைசரோதான். அதே கழுவலில் போய்விடும். கழுவியதும் தாமதிக்காமல் வேலையைத் தொடங்குங்கள். நாள் போகப் போக மறுபடியும் கசியும்.

ஒரு எச்சரிக்கை: நிஜக் காருக்குப் போடும் டயர் பாலிஷை மாடல் டயரில் தடவிவிட்டுப் பிறகு பெயிண்ட் அடிக்க நினைக்காதீர்கள். அவற்றில் பலவும் சிலிகான் எண்ணெய். அது பட்ட இடத்தில் பெயிண்ட் ஒதுங்கிச் சின்னச் சின்ன வட்டங்களாகக் கண் விழிக்கும்.

உப்புத்தாள் என்றால் எந்த எண்? வினைல் நார் நாராகக் கிளம்புகிறதே.

தரையைத் தொடும் பகுதிக்கு 320 முதல் 400 வரை. நார் கிளம்புவதற்குக் காரணம் வேகமும் சூடும். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் அடங்கும். தூசியும் பறக்காது, வினைல் தூசி மூக்குக்குள் போவது நல்லதல்ல. டயரைச் சற்று நேரம் உறைபெட்டியில் வைத்து எடுத்தால் வினைல் விறைப்பாகும், அந்த இடைவெளியில் அச்சுக் கோட்டைச் சுத்தமாக எடுத்துவிடலாம். சிறு மோட்டாரில் மாட்டிச் சுழற்றித் தேய்க்கிறவர்கள் மிகக் குறைந்த வேகத்தில் வைக்க வேண்டும். வேகம் கூடினால் தேயாது, உருகும்.

பக்கவாட்டில் உப்புத்தாளைக் கொண்டுபோகாதீர்கள். அங்கே எழுத்துகளும் மெல்லிய வளையக் கோடுகளும் இருக்கின்றன. பாத்திரம் துலக்கும் பச்சை நைலான் நாரை வட்டமாக மெதுவாக ஓட்டினாலே மினுமினுப்பு போய்விடும், பெயிண்ட் பிடித்துக்கொள்ளத் தேவையான சொரசொரப்பும் கிடைக்கும்.

ப்ரைமர், அதாவது நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு, கட்டாயமா?

எழுத்துக்கும் தூசி நிறத்துக்கும் தேவையில்லை. முழு டயரையும் மூடப் போகிறீர்கள் என்றால், அதிலும் கருப்பின் மேல் வெள்ளைப் பட்டை வரப் போகிறது என்றால், போட்டுக்கொள்ளுங்கள். பாலியூரித்தேன் கலந்த நீர் சார்ந்த ப்ரைமர் சரியாக இருக்கும். தோல் போல வளையும். பாலிஸ்டைரீனுக்கு நாம் பழகிய லாக்கர் ப்ரைமர் இங்கே உதவாது. மிகச் சன்னமாகக் காய்ந்து கெட்டியாகும் அதன் குணமே டயரில் எதிரியாகிவிடுகிறது.

கார் பம்பருக்கு அடிக்கும் ஒட்டுதல் கூட்டி பற்றியும் கேட்கிறார்கள். அது பாலிபுரொப்பிலீன் போன்ற, எதுவுமே ஒட்டாத பிளாஸ்டிக்குக்காக வந்தது. வினைலின் பிரச்சினை ஒட்டுதல் மட்டுமில்லை, கசிவும்தான். பம்பர் ப்ரைமர் கசிவை நிறுத்தாது. டயர் எலாஸ்டோமராக இருந்தால் உதவலாம். உட்பக்கத்தில் சோதித்துப் பாருங்கள்.

எல்லாரும் உட்பக்கத்தில் சோதி என்கிறீர்கள். சோதித்து எப்படி முடிவு செய்வது?

ரிம்முக்குள் மறையப் போகும் விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்கு அடித்து இரண்டு நாள் விடுங்கள். பிறகு மாஸ்கிங் டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். டேப்பில் பெயிண்ட் வந்தால் கழுவலோ தேய்ப்போ போதவில்லை. வரவில்லை என்றால் அந்த இடத்தை வெளிப்பக்கமாக மடித்துப் பாருங்கள். கீறல் விழுந்தால் பூச்சு கனம், அல்லது பெயிண்டின் வகை தவறு. கடைசியாக விரலால் அழுத்துங்கள். ரேகை பதிந்தால் அந்தப் பெயிண்டை அந்த டயருக்கு மறந்துவிடுங்கள். கிட்டில் ஸ்டெப்னி டயர் இருந்தால் அதன் பின்பக்கம் இந்தச் சோதனைக்கென்றே அமைந்தது.

பெயிண்ட் அடித்துவிட்டு ரிம்மில் மாட்டுவதா, மாட்டிவிட்டு அடிப்பதா?

டயரை இழுத்துத்தான் மாட்ட முடியும் என்றால் மாட்டிய பிறகு அடியுங்கள். அப்போது டயர் தன் இறுதி வடிவத்தில் இருக்கும். பூச்சுக்கு வளைய வேண்டிய வேலையே வராது. ரிம்மை மறைக்க வேண்டுமே என்றால், அதே அளவுள்ள வேண்டாத ரிம் ஒன்றிலோ, அட்டையைச் சுருட்டிச் செய்த உருளையிலோ மாட்டி அடித்துவிட்டு, நன்றாக இறுகியதும் கழற்றி மாற்றலாம். கழற்றி மாட்டும் அந்த ஓர் இழுப்பைத் தோல் பெயிண்ட் தாங்கும். டமியா அக்ரிலிக்கின் கனமான பூச்சு தாங்குமா என்பது சந்தேகம்.

தளர்வாகச் சும்மா செருகுகிற டயர் என்றால் இந்தக் கவலை எதுவும் இல்லை, முன்னாலேயே அடித்துக்கொள்ளுங்கள்.

பெயிண்டைத் தூறலாக அடிக்கும் ஏர்பிரஷ் என்னிடம் இல்லை. தூரிகையால் முடியுமா?

முடியும். பெயிண்டைப் பால் பதத்துக்கு நீர்த்து, அகலத் தூரிகையால் சுற்று வட்டமாக இழுங்கள். குறுக்கே இழுத்தால் தடம் தெரியும். முதல் பூச்சு திட்டுத் திட்டாக, பார்க்கவே சகிக்காமல்தான் இருக்கும். அதன் மேலேயே சரிசெய்யப் போகாமல் காய விடுங்கள். மூன்று மெல்லிய பூச்சு, ஒரு கனமான பூச்சைவிட நன்றாக நிற்கும். ஏர்பிரஷ் உள்ளவர்கள் 15 பிஎஸ்ஐ அளவு அழுத்தத்தில், ஒவ்வொரு முறையும் நனையாத அளவுக்குத் தூறலாக அடித்தால் போதும்.

உண்மையைச் சொன்னால், டயருக்கு ஸ்பாஞ்சுத் துண்டு இரண்டையும்விட நல்ல கருவி. லேசாகத் தொட்டுத் தொட்டு எடுத்தால் நிஜ டயரின் சீரற்ற மங்கல் தானே வந்துவிடும்.

எந்தக் கருப்பு? சாதாரண மேட் பிளாக் அடித்தேன், ஓட்டை மாதிரி இருக்கிறது.

சுத்தக் கருப்பு ஒளியை முழுக்க விழுங்கிவிடும். சிறிய அளவில் டயரின் வடிவமே தெரியாமல் போகும். நிஜ டயர் கருப்பாக இருப்பது அதில் கலக்கும் கார்பன் பிளாக் என்னும் கரித்தூளால். ஆனால் ஓடத் தொடங்கியதுமே தரை தொடும் பகுதி தேய்ந்து சாம்பலாகும். பக்கவாட்டில் பழுப்பு ஏறும். ஓசோனால் ரப்பர் வெடிக்காதிருக்கச் சேர்க்கும் வேதிப்பொருள் வெளியே வந்து காற்றுப் பட்டு நிறம் மாறுவது அது. நிஜ டயரிலும் உள்ளிருப்பது வெளியே கசியத்தான் செய்கிறது.

டமியாவில் ரப்பர் பிளாக் என்றே எக்ஸ்எஃப்-85 இருக்கிறது. புது டயருக்கு அது நல்ல தொடக்கம். கொஞ்சம் ஓடியதற்கு நேட்டோ பிளாக், எக்ஸ்எஃப்-69. வெளுத்துப் போனதற்கு ஜெர்மன் கிரே, எக்ஸ்எஃப்-63 கொஞ்சம் கலந்துகொள்ளலாம். பக்கவாட்டுக்கு ஒரு நிறம், தரை தொடும் பகுதிக்கு அதைவிட வெளுத்த ஒன்று என்று இரண்டாகப் பிரித்தாலே டயருக்கு உயிர் வந்துவிடும்.

மிகப் பழைய கார் கட்டுகிறவர்களுக்கு ஒரு செய்தி: கார்பன் பிளாக் பரவலாகும் முன் டயர்கள் வெளிறிய நிறத்தில்தான் இருந்தன. மிஷலின் டயர் நிறுவனத்தின் சின்னமாக 1898-இல் பிறந்த டயர் மனிதன் வெள்ளையாக இருப்பதும் அதனால்தான். அந்தக் காலத்து வண்டிக்குக் கரிய டயர் மாட்டினால் விவரம் தெரிந்தவர் கண்ணுக்கு அதுதான் முதலில் படும்.

பக்கவாட்டில் மேடாக இருக்கும் எழுத்தை வெள்ளையாக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வழிந்துவிடுகிறது.

தூரிகை நுனியால் எழுத்தை வரைய முயல்கிறீர்கள். எழுத்து மேடாக இருப்பதால் வரையத் தேவையில்லை. மேட்டுக்கு மட்டும் பெயிண்டைக் கொடுத்தால் போதும். வழவழப்பான ஓடு ஒன்றில் வெள்ளை அக்ரிலிக்கை ஒரு சொட்டு விட்டு, விரல் நகத்தின் அளவுள்ள ஸ்பாஞ்சால் அதைத் தட்டித் தட்டிப் பரப்புங்கள். ஓட்டில் பெயிண்ட் ஈரப் பளபளப்பை இழந்து, ஸ்பாஞ்சை எடுக்கும்போது மெல்லிய சத்தம் வரும் நிலை ஒன்று உண்டு. அப்போது எடுத்து எழுத்தின் மேல் நேராக ஒற்றுங்கள், இழுக்கக் கூடாது. முதல் ஒற்றலில் சாம்பல் நிறமாகத்தான் தெரியும். காய விட்டு மறுபடி ஒற்றினால் வெளுப்பு ஏறும். சுத்த வெள்ளையைவிடச் சொட்டுச் சாம்பல் கலந்த வெள்ளை நம்பும்படி இருக்கும்.

பள்ளத்தில் பட்டதை, பெயிண்ட் அடிக்காத வெறும் வினைல் என்றால், ஆல்கஹால் தொட்ட பல்குத்தும் குச்சியால் சுரண்டிவிடலாம். முதல் கேள்வியில் முழுப் பூச்சை நான் தவிர்க்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்: கீழே அக்ரிலிக் பூச்சு இருந்தால் இந்த ஆல்கஹால் அதையும் சேர்த்துக் கிளப்பிவிடும். அங்கே ஈரம் காயும் முன் தண்ணீர் தொட்ட பஞ்சுக்குச்சிதான் கை கொடுக்கும்.

எழுத்து மேடாக இல்லை, டீகால், அதாவது நீரில் நனைத்து ஒட்டும் படலம்தான் கொடுத்திருக்கிறார்கள். ஓரம் தூக்கிக்கொள்கிறது.

மங்கலான சொரசொரப்பில் நீர் டீகால் உட்காராது, அடியில் காற்று தங்கி வெள்ளியாக மின்னும். டீகால் வரும் இடத்தில் மட்டும் பளபளப்பு அக்ரிலிக் வார்னிஷ் அடியுங்கள். டயர் ரிம்மில் மாட்டிய நிலையில் இருக்கட்டும். காய்ந்ததும் டீகாலை வைத்து, மென்மையாக்கும் திரவத்தைக் கொஞ்சமாகத் தொட்டு அழுத்தி, மறுநாள் மேட் வார்னிஷால் முழுவதையும் மூடுங்கள்.

பந்தயக் கார்களுக்கு, எழுத்து வடிவில் வெட்டிய அச்சுத்தகடு வைத்து ஏர்பிரஷ் அடிப்பது டீகாலைவிட நன்றாக இருக்கும். தகட்டை டயரோடு ஒட்டிப் பிடித்து, ஊசி நேர் செங்குத்தாக இருக்கும்படி, ஏறக்குறைய உலர்ந்தே போய் விழும் அளவுக்கு மெல்லிய தூறல். சாய்த்து அடித்தால் பெயிண்ட் தகட்டின் அடியில் புகும். ஃபார்முலா 1 என்றால் ஆண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2019 முதல் உலர் டயருக்குச் சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று மூன்று நிறமே. மழை டயர்களுக்குப் பச்சையும் நீலமும். அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் ஊதா போன்ற வேறு நிறங்களும் இருந்தன.

நன்றாக வந்த வெள்ளைப் பட்டை சில மாதங்களில் மஞ்சளாகிவிட்டது. பெயிண்ட் மோசமா?

பெயிண்ட் மேல் பழி போட வேண்டாம். வினைலிலிருந்து ஏறி வரும் பொருட்கள் தங்கள் நிறத்தையும் கூடவே கொண்டுவருகின்றன; கருப்பில் தெரியாதது வெள்ளையில் காட்டிக்கொடுத்துவிடுகிறது. வெள்ளைக்கு அடியில் பாலியூரித்தேன் ப்ரைமரை இரண்டு பூச்சு கொடுத்தால் மஞ்சள் ஏறுவது தாமதப்படும். முற்றிலும் நிற்கும் என்று சொல்ல மாட்டேன். அலமாரியில் வெயில் படாத இடமும் உதவும். அகலமான வெள்ளைப் பட்டை என்றால், மெல்லிய வெள்ளைப் பிளாஸ்டிக் தாளில் வளையம் வெட்டி வைக்கத் தோன்றும். அடுத்த கேள்வியைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

டயர் ரிம்மையே உருக்கிவிட்டது! பெயிண்ட் அடித்திருந்தால் தடுத்திருக்குமா?

தடுத்திருக்காது. பிளாஸ்டிசைசருக்குப் பாலிஸ்டைரீன் என்றால் கொள்ளை விருப்பம். ரிம் தொடும் இடத்தில் முதலில் ஈரமாக மினுங்கும், பிறகு பிசுபிசுக்கும், கடைசியில் டயரின் விளிம்பு அப்படியே பள்ளமாகப் பதிந்துவிடும். நடுவில் பெயிண்ட் இருந்தால் அது முதலில் கெடும், ரிம் அடுத்துக் கெடும். 1960-கள், 70-களின் கிட்டுகளைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சி: பெட்டிக்குள் டயர் சாய்ந்து கிடந்த கண்ணாடிப் பாகத்தில் டயரின் பூ வேலைப்பாடு அச்சு மாறாமல் பதிந்திருக்கும்.

தடுப்பு என்றால் கசிவு கடக்க முடியாத ஒரு தடை வேண்டும். ரிம்மின் விளிம்பைச் சுற்றி மெல்லிய அலுமினியத் தகடு ஒட்டலாம். குழாய் மூட்டில் சுற்றும் வெள்ளை டெஃப்லான் நாடாவை ஒரு சுற்றுச் சுற்றலாம். அது மிக மெல்லியது, டயர் மாட்ட இடைஞ்சல் செய்யாது, வெளியேயும் தெரியாது. கட்டாத கிட் என்றால் டயர்களை மட்டும் தனிப் பாலித்தீன் பையில் போட்டு வையுங்கள். சூடு கசிவை வேகப்படுத்தும். பரணில் வைத்த பெட்டிதான் முதலில் கெடும்.

இதே காரணத்தால் பெயிண்ட் அடித்த பீடத்தின் மேல் வண்டியை நிறுத்தினால் நான்கு டயரும் தடம் பதிக்கும். டயரின் அடியில் கண்ணுக்குத் தெரியாத அளவில் அலுமினியத் துண்டு வைப்பது போதும்.

சேறு, தூசி காட்ட எனாமல் வாஷ் (மிகவும் நீர்த்த பெயிண்ட்) போடலாமா? எனாமல் கூடாது என்றீர்களே.

கனமான பூச்சுதான் கூடாது. மேட் அக்ரிலிக் வார்னிஷ் அடித்த டயரில் மெல்லிய வாஷ் போட்டு, உபரியை உடனே துடைத்தெடுத்தால் பெரும்பாலும் தீங்கில்லை. ஆனால் தேவையே இல்லாத ஆபத்து அது. அக்ரிலிக் நிறத்தை மிகவும் நீர்த்து, ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்தால் பள்ளங்களுக்குள் தானே ஓடிவிடும்.

நிறமிப் பொடி இதற்கெல்லாம் மேலானது. மேட் பரப்பில் காய்ந்த பொடியைத் தூரிகையால் தேய்த்து, தரை தொடும் மேடுகளை ஈரத் துணியால் துடைத்துவிட்டால், ஓடிய வண்டியின் டயர் அப்படியே வந்துவிடும். பொடி உரிவதற்கு அதில் பூச்சு என்று ஒன்றும் இல்லை. கையில் எடுத்து விளையாடும் மாடலுக்கு மட்டும் பொடி நிற்காது.

பழைய பெயிண்டை டயரிலிருந்து எப்படி எடுப்பது?

அக்ரிலிக் என்றால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் டூத் பிரஷும். பிசுபிசுத்த எனாமல் என்றால் எனாமல் தின்னர் தொட்ட துணியால் வேகமாகத் துடைத்து, உடனே சோப்பால் கழுவுங்கள். அசிட்டோனும் லாக்கர் தின்னரும் வேண்டாம். வினைல் ஊதிப் பெருக்கும். பிறகு பிளாஸ்டிசைசரை இழந்து சுருங்கி விறைக்கும்.

ராணுவ டேங்கின் வினைல் சங்கிலித் தடத்துக்கும் இதே முறையா?

கழுவல், அக்ரிலிக், மெல்லிய பூச்சு எல்லாம் அப்படியே. வேறுபாடு இரண்டு. தடம் சக்கரங்களைச் சுற்றி இறுக்கமாக வளைகிறது; எனவே மாட்டிய வளைவில் வைத்தே அடியுங்கள், நேராக நீட்டி வைத்து அடித்தால் முன்சக்கரத்தின் வளைவில் வெடிக்கும். இன்னொன்று, டமியாவின் பிந்தைய கிட்டுகளில் வரும் தடம் பிளாஸ்டிக் பசையால் ஒட்டக் கூடிய, பெயிண்டும் ஏற்கும் வேறு பொருள். விளக்கத்தாளில் அப்படிச் சொல்லியிருந்தால் பாதி முன்னெச்சரிக்கையை விட்டுவிடலாம்.

என் டயர் சிலிகான். இவற்றில் எது வேலை செய்யும்?

எதுவும் இல்லை. பந்தயத் தட மாடல் கார்களில் வரும் சிலிகான் டயரில் சிலிகான் சார்ந்த நிறப்பூச்சு மட்டுமே ஒட்டும். மற்ற எல்லாம் காய்ந்ததும் ஒரே படலமாகக் கழன்று கையோடு வரும்.

நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் செய்தேன். இன்னும் உரிகிறது.

டேப் சோதனையில் எது தோற்றது என்று பாருங்கள். கழுவியும் தேய்த்தும் தோல் பெயிண்டும் பிடிக்கவில்லை என்றால் அந்த டயர் ஏற்கெனவே மிகுதியாகக் கசிந்துகொண்டிருக்கிறது. பழைய கிட்டுகளில் இது சகஜம். அதற்கு மேல் மல்லுக்கு நிற்காமல், ரெசினில் வார்த்தோ முப்பரிமாண அச்சில் எடுத்தோ வரும் மாற்று டயரைப் போடுங்கள். விட்டத்தையும் ரிம்மின் உள் அளவையும் அளந்துகொண்டு வாங்குங்கள், ஏனென்றால் ரெசின் டயர் விரிந்து கொடுக்காது. அதையும் ஒரு முறை சோப்பால் கழுவிவிட்டு, வழக்கமான ப்ரைமர் அடித்து, எந்தப் பெயிண்ட் பிடிக்குமோ அதை அடிக்கலாம், எனாமல் உட்பட.